சலவைப் பிரிவு – ஆறு பேர்

திங்கள், அக்டோபர் 5

தங்கைக்கு,

எங்கள் ஆறு பேரையும் நீ பட்டியலிலிருந்து அடித்துவிட்டாய். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன், நீயும் சுற்றி வளைக்காமல் பதில் எழுது. காய்ச்சல் தடுப்பூசி முதலில் யாருக்கு என்று எங்கள் மருத்துவமனையிலிருந்து உன் சுகாதார அலுவலகத்துக்குப் போன பட்டியலின் நகலை நேற்றுத்தான் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். பதினேழாவது வரி: 'சலவைப் பிரிவு – 6'. அதன் மேல் நீல மையில் ஒரு கோடு. கோட்டின் முடிவில் உன் சுருக்கொப்பம், தேதி செப்டம்பர் இருபத்தொன்று. மருத்துவர், செவிலியர், வார்டு உதவியாளர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர் எல்லாரும் இருக்கிறார்கள். வாசலில் நிற்கும் காவலாளிகூட இருக்கிறார். நாங்கள் இல்லை. இரண்டு வாரமாக எல்லாரும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு எங்கள் ஜன்னலைத் தாண்டிப் போய்வந்தார்கள். நம் முறையும் வரும், என் தங்கைதான் அங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று என் ஆட்களிடம் சொல்லி வைத்திருந்தேன். இப்போது அவர்கள் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது?

எங்கள் வேலை உனக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன். காய்ச்சல் வார்டின் அழுக்குத் துணி மஞ்சள் பையில் கட்டி வரும். போன மாதம் நாளுக்குப் பத்துப் பை. இன்று நாற்பத்திரண்டு. ஒவ்வொரு பையிலும் எந்தக் கட்டில் என்று ஒரு அட்டை. பையை அவிழ்த்து, ஒவ்வொரு விரிப்பையும் இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்து உதறுவோம். ஊசி, கத்தரி, கண்ணாடிக்குப்பி ஏதாவது துணியோடு வந்திருந்தால் கீழே விழும். அதன் பிறகுதான் இயந்திரம். வியர்வை, சளி, வாந்தி எல்லாம் எங்கள் மூக்குக்கு நேராகத்தான் பறக்கிறது. நோயாளியைத் தொடுகிறவருக்கு ஊசி, நோயாளி படுத்திருந்த துணியை உதறுகிறவருக்குக் கோடு. இது என்ன கணக்கு?

எனக்கு அறுபத்தேழு. பட்டியலின் அடியில் அறுபத்தைந்துக்கு மேற்பட்டவர்கள் பின்னால் வரட்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கிழடுகளைக் கழித்துக் கட்டுங்கள், நான் அதைக் கேட்கவில்லை. மற்ற ஐந்து பேருக்காகக் கேட்கிறேன். அதிலும் ஒருத்திக்காக. துணி மடிக்கிற பெண், இருபத்தாறு வயது. அவள் கை போகிற வேகத்துக்கு அவளை மின்னல் என்றுதான் எல்லாரும் கூப்பிடுகிறோம். அவளுக்கு இது ஏழாம் மாதம். காண்டிராக்டருக்குத் தெரியாது. வயிற்றில் பிள்ளை என்று தெரிந்தால் அன்றைக்கே நிறுத்திவிடலாம் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி இருக்கிறது. அதனால் என் அளவு மேலங்கி ஒன்றை அவளுக்குக் கொடுத்திருக்கிறேன். அதைப் போட்டால் அவள் எங்கே இருக்கிறாள் என்று அவளுக்கே தெரியாது. இங்கே எங்கள் ஐந்து பேரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாத விஷயம் இது. உன்னிடம் சொல்கிறேன் என்றால் காரணம் இருக்க வேண்டும்.

உன் மருந்து வண்டி திங்களும் வியாழனும் இங்கே வருகிறது. ஓட்டுநரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். சலவைக்கூடத்துக்குப் போன் செய்யாதே. ஐந்து இயந்திரம் ஓடுகிற இடத்தில் மணியடிப்பது யார் காதிலும் விழாது.

அண்ணன்,
சலவைப் பிரிவு மேஸ்திரி


வியாழன், அக்டோபர் 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

கோடு போட்டது நான்தான். மேலே சொன்னார்கள், கீழே எழுதினார்கள் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. போடும்போது உங்கள் முகம் நினைவுக்கு வந்தது. வந்தும் போட்டேன்.

காரணத்தையும் கேளுங்கள். எங்கள் பகுதிக்கு முதல் தவணையாக வந்தது நானூறு டோஸ். கேட்டவர்கள் ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர். நோயாளியின் முகத்தருகே முகம் வைத்து வேலை செய்கிறவர்கள் முதலில், மருத்துவமனைப் பதிவேட்டில் இல்லாதவர்கள் கடைசியில் என்று எங்களுக்கு வந்த தாளில் இருந்தது. நீங்கள் ஆறு பேரும் காண்டிராக்டர் ஆட்கள். எடுத்துவிட்டேன். மாலைக்குள் இன்னும் பதினோரு வரியை எடுத்தேன். அவற்றில் எந்த வரியிலும் எனக்கு அண்ணன் இல்லை, அதனால் யாரும் கடிதம் எழுதவில்லை.

வயதானவர்களைக் கழித்துக் கட்டவில்லை, அண்ணா. இந்தக் காய்ச்சல் உங்கள் வயதுக்காரர்களை அவ்வளவாகத் தொடுவதில்லை. இதற்கு உறவான ஏதோ ஒரு காய்ச்சல் உங்கள் சின்ன வயதில் வந்துபோயிருக்கும், உடம்பு அதை மறக்கவில்லை என்கிறார்கள். இது இருபதையும் முப்பதையும்தான் தேடிப் பிடிக்கிறது. கர்ப்பிணிகளைப் பிடித்தால் விடுவதில்லை. அதனால் மின்னல் உங்கள் பட்டியலுக்காகக் காத்திருக்கவே வேண்டாம். கர்ப்பிணிகள் எல்லாப் பட்டியலிலும் முதல் வரி. பிரசவப் பிரிவுக்குப் போய்ச் சொன்னால் போதும், அன்றைக்கே போடுவார்கள். தயவுசெய்து அனுப்புங்கள்.

இரண்டாவது, உதறுவதை இன்றே நிறுத்துங்கள். துணியில் இருப்பதைக் காற்றில் ஏற்றிவிடுகிறீர்கள். பையை இயந்திரத்தின் வாயில் வைத்து அப்படியே கவிழ்க்க வேண்டும். நல்ல சுடுநீர் போதும், கிருமி நிற்காது. எல்லாரும் முகக்கவசம் கட்டுங்கள், ஒவ்வொரு பைக்குப் பிறகும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், இருமல் வந்தவர் வீட்டிலேயே இருக்கட்டும்.

மூன்றாவது, ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். 'வார்டு உதவியாளர்' பிரிவில் எட்டு இடம் மிச்சம் இருக்கிறது. இத்துடன் உள்ள படிவத்தில் உங்கள் ஆறு பேரையும் வார்டு உதவியாளர் என்று எழுதி, மேற்பார்வையாளர் இடத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்டு, இன்று மாலை வண்டி திரும்பும்போது கொடுத்துவிடுங்கள். நாளையே ஆறு பேருக்கும் ஊசி. யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

ஆவியில் நின்று நின்று வருகிற அந்த இழுப்பு இப்போது எப்படி இருக்கிறது? கோபத்தில் அதை எழுதாமல் விட்டீர்கள்.

உங்கள் தங்கை


வியாழன், அக்டோபர் 8, மாலை

தங்கைக்கு,

படிவத்தைக் கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்புகிறேன்.

நான் வார்டு உதவியாளன் இல்லை. என் ஆட்களும் இல்லை. முப்பத்தொரு வருடமாக இந்த மருத்துவமனையின் துணியைத் துவைக்கிறோம். இத்தனை வருடத்தில் எந்தத் தாளிலும் எங்களுக்குச் சொந்தப் பெயர் வந்ததில்லை. 'இதர' என்று ஒரு வருடம், 'பொது' என்று ஒரு வருடம், ஒரு தடவை 'தோட்டம் மற்றும் பிற' என்றுகூட வந்தது. இந்தத் தடவைதான் பதினேழாவது வரியில் 'சலவைப் பிரிவு' என்று எவரோ ஒரு புண்ணியவான் எழுதினார். அதன் மேல்தான் நீ கோடு போட்டாய். இப்போது பொய்ப் பெயரில் பின்வாசல் வழியாக வா என்கிறாய். வரமாட்டேன். எந்த வரியை அடித்தாயோ அதே வரியைத் திரும்ப எழுது. இதோ, என் கையாலேயே மனு எழுதி இணைத்திருக்கிறேன். பள்ளிக்கூடம் போகாதவன் எழுதியது என்று யாரும் சிரிக்காதபடி இரண்டு தடவை திருத்தி எழுதினேன்.

என் ஆட்களிடம் கேட்காமல் முடிவு செய்தேன் என்று நினைக்காதே. சாப்பாட்டு நேரத்தில் படிவத்தைக் காட்டிச் சொன்னேன். மின்னல் தண்ணீர்ப் பாட்டிலை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"பேரு எதுவா இருந்தா என்ன மேஸ்திரி, ஊசி ஊசிதானே? பெரிய டாக்டர்னு எழுதினாலும் நான் கையை நீட்டுவேன்."

இயந்திரம் பார்ப்பவரை நாங்கள் 'என்னது' என்று கூப்பிடுகிறோம். இருபது வருடம் அந்தச் சத்தத்தில் நின்று அவருக்குப் பாதிக் காது போய்விட்டது. அவர், "என்னது? யாருக்குப் பேரு வைக்கிறீங்க? பொறக்கட்டும், அப்புறம் வைக்கலாம்" என்றார். எல்லாரும் சிரித்து ஓய்ந்ததும் மின்னல் மறுபடி சொன்னாள்.

"நிஜமாத்தான் சொல்றேன். போட்டுக் குடுத்துடுங்க மேஸ்திரி."

"நாளைக்கு யாராவது கேட்டா? பொய் எழுதினான்னு சொல்லி ஆறு பேரையும் வெளியே தள்ளினா? சும்மா இரு, முறையா வாங்கித் தர்றேன்" என்றேன். அவள் பாட்டிலை மூடிவிட்டு மடிக்கப் போய்விட்டாள்.

பிரசவப் பிரிவுக்குப் போகச் சொன்னாய். அந்தப் பிரிவின் துணியை வாங்க வருவதே காண்டிராக்டரின் ஆள்தான். காலையும் மாலையும் அந்த வாசலில்தான் நிற்கிறான். "அவன் கண்ணுல பட்டா அன்னிக்கே பையைத் தூக்கிட்டுக் கிளம்புன்னுடுவாங்க. இன்னும் ஒரு மாசம் ஓட்டிடறேன்" என்கிறாள் அவள். யாரிடமும் சொல்வதில்லை என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். உன்னிடம் சொன்னதே தப்பு.

உதறுவதை நிறுத்த முடியாது. உதறாமல் போட்ட ஒரு நாளில்தான் கத்தரி ஒன்று உள்ளே போய், துணியை வெளியே எடுத்த, எங்களோடு வேலை பார்த்த ஒரு அம்மாவின் உள்ளங்கையைக் கிழித்தது. அந்தக் கை பிறகு மடங்கவே இல்லை. அப்போது எந்த அலுவலகத்திலிருந்தும் யாரும் வரவில்லை. உதறிவிட்டுப் போடு என்று விதி வைத்தவன் நான். ஊசி தராதவர்கள் வேலை சொல்லித் தரவும் வேண்டாம்.

இழுப்பு இருக்கிறது. அதற்கென்ன.

அண்ணன்


திங்கள், அக்டோபர் 12

அண்ணாவுக்கு,

வியாழன் மாலை வண்டிக்காகக் காத்திருந்தேன். கவரைப் பிரித்ததும் கையெழுத்து இடம் வெள்ளையாக இருந்தது.

உங்கள் மனு நன்றாக எழுதப்பட்டிருக்கிறது. மேலதிகாரி படித்தார், "யார் எழுதினது? நம்ம ஆட்களைவிடத் தெளிவா இருக்கே" என்றார். கோப்பில் சேர்க்கச் சொன்னார். கோப்பு மேலே போய்த் திரும்ப எத்தனை நாள் என்று எனக்குத் தெரியாது. அந்த எட்டு இடம் வெள்ளிக்கிழமை காலையே வேறொரு மருத்துவமனைக்குப் போய்விட்டது. அவர்கள் தங்கள் சமையல்காரர்களை வார்டு உதவியாளர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை.

அடுத்த தவணை இரண்டு வாரத்தில் வரலாம். வராமலும் போகலாம். உங்கள் மருத்துவமனையில் மட்டும் நேற்று முப்பத்தொரு பேர் சேர்ந்திருக்கிறார்கள். பாதிப் பேர் என் மகள் வயது.

உங்களுக்குக் கோபம் என் மேல்தான். அதை ஒரு பிள்ளைத்தாய்ச்சியின் மூச்சில் காட்டாதீர்கள். உதறாதீர்கள். கத்தரி வராமல் இருக்க வார்டில் எண்ணிக் கட்டச் சொல்லி நான் எழுதுகிறேன். அதுவரையாவது நிறுத்திவையுங்கள்.

ஒன்றை மறைத்து வைத்துக்கொண்டு உங்களுக்கு எழுத முடியவில்லை. நான் முதல் நாளே போட்டுக்கொண்டேன். இந்த அலுவலகத்தில் எல்லாரும் போட்டுக்கொண்டோம். நாங்கள் யாருடைய முகத்தருகிலும் முகம் வைப்பதில்லை. பட்டியல் எழுதுகிறவர்கள் படுத்துவிட்டால் பட்டியல் யார் எழுதுவது என்று காரணம் சொன்னார்கள். இடது கை இரண்டு நாள் வலித்தது.

தங்கை


வியாழன், அக்டோபர் 15

தங்கைக்கு,

கை வலித்ததா. நல்லது.

மின்னல் நேற்றிலிருந்து இருமுகிறாள். "பஞ்சுத் தூசு மேஸ்திரி, வேற ஒண்ணுமில்ல" என்கிறாள். இங்கே எல்லாருக்கும் பஞ்சுத் தூசு இருமல் உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் அந்த இருமலில் உடம்பு சுடாது. விரிப்பை வாங்கும்போது அவள் விரல் என் கையில் பட்டது. இஸ்திரி போட்ட துணி போல இருந்தது. வீட்டுக்குப் போ என்றேன். மூன்று நாள் வராவிட்டால் வேறு ஆள் வைப்பார்கள் என்று உட்கார்ந்தபடியே மடிக்கிறாள். இன்று அவள் கை யார் கண்ணுக்கும் நன்றாகத் தெரிகிற வேகத்தில் போகிறது.

நேற்று முதல் மற்றவர்களை வெளியே நிறுத்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு நான் மட்டும் தனியாக உதறுகிறேன். இதற்கு மேல் என்னிடம் கேட்காதே.

அண்ணன்


வெள்ளி, அக்டோபர் 16, காலை 8 மணி

அண்ணா,

திங்கள்வரை காத்திருக்க முடியாது. ஓட்டுநரை அவர் ஸ்கூட்டரில் அனுப்புகிறேன். நேற்றிலிருந்து பதினான்கு தடவை உங்கள் கூடத்துக்குப் போன் செய்தேன். யாரும் எடுக்கவில்லை.

இதைப் படித்த நிமிடமே அவளை அழைத்துக்கொண்டு காய்ச்சல் பிரிவுக்குப் போங்கள். சளிப் பரிசோதனை, முடிவு என்று எதற்கும் காத்திருக்கக் கூடாது. இந்தக் காய்ச்சலுக்கு மாத்திரை இருக்கிறது. முதல் இரண்டு நாளுக்குள் கொடுத்தால்தான் முழுசாகப் பிடிக்கும். இன்றோடு இரண்டு நாள் முடிகிறது. மாத்திரையும் கையிருப்புக் குறைவு, அதனால் எல்லாருக்கும் தருவதில்லை. கர்ப்பிணிக்குக் கேள்வியே கேட்காமல் தருவார்கள். கர்ப்பிணி என்று சொல்ல வேண்டும். அவள் சொல்லாவிட்டால் நீங்கள் சொல்லுங்கள்.

மருத்துவமனைக்கு நானே போன் செய்து அவளைத் தேடி மாத்திரை கொடுங்கள் என்று சொல்ல முயன்றேன். "பேஷண்ட் பேரு?" என்று கேட்டார்கள். மின்னல் என்றா சொல்வது? என்னிடம் இருந்த பட்டியலில் ஆறு என்றுதான் இருந்தது. நானும் உங்களிடம் பெயர் கேட்கவில்லை.

ஓடுங்கள் அண்ணா.

தங்கை


வியாழன், அக்டோபர் 22

தங்கைக்கு,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கோப்பில் வைப்பாயோ, வேறெங்கே வைப்பாயோ, உன் விருப்பம்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை பத்தரைக்குக் கிடைத்தது. பதினொன்றுக்கு அவளை அழைத்துக்கொண்டு காய்ச்சல் பிரிவு வரிசையில் நின்றேன். நூற்றுக்கு மேல் ஆட்கள். எங்களுக்கு நாலடி தள்ளி, தூணில் சாய்ந்துகொண்டு காண்டிராக்டரின் ஆள். அவனும் இருமிக்கொண்டுதான் வந்திருந்தான். எங்கள் முறை வந்தது. கவுண்டரில் இருந்த பெண் முகக்கவசத்துக்குள்ளிருந்து கத்தினாள்.

"சுகர் இருக்கா? ஆஸ்துமா இருக்கா? மாசமா இருக்கியாம்மா?"

வரிசையில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். தூணில் சாய்ந்திருந்தவனும் பார்த்தான். மின்னல் என் மேலங்கிக்குள்ளே நின்றுகொண்டு, "இல்லக்கா" என்றாள்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். "நீங்க யாரு, அப்பாவா?"

"மேஸ்திரி" என்றேன். மின்னல் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். கொடுத்த வாக்கு ஞாபகம் வந்தது. உன் கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. நான் சொல்லவில்லை.

சாதாரணக் காய்ச்சலுக்குத் தருகிற வெள்ளை மாத்திரை ஆறு கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஞாயிறு மாலை அவள் கணவர், ரொட்டிக் கடையில் மாவு பிசைகிறவர், அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. அப்போதும் மேலங்கியைக் கழற்றவில்லை. மருத்துவர்தான் கத்தரியால் வெட்டி எடுத்தார்.

"இதை ஏன்யா முதல்லயே சொல்லல?" என்று கணவரைக் கேட்டார்.

"மேஸ்திரி பாத்துக்கறேன்னு சொன்னாருங்க."

திங்கள்கிழமை குழந்தையை வெளியே எடுத்தார்கள். பெண். ஒன்றேகால் கிலோ. உயிரோடு இருக்கிறது, கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். தாய் காய்ச்சல் வார்டில், ஒன்பதாம் கட்டில், மூச்சு இயந்திரத்தில். கண் திறக்கவில்லை. யாரையும் உள்ளே விடுவதில்லை. அவள் எப்படி இருக்கிறாள் என்று கணவர் தினமும் வந்து என்னைத்தான் கேட்கிறார். ஏனென்றால் அவள் விரிப்பு என்னிடம் வருகிறது. வியர்வைத் தடம் எவ்வளவு, சளியில் ரத்தம் உண்டா, புரட்டிப் படுக்க வைத்தார்களா, எல்லாம் துணியில் இருக்கும். நான் பார்த்துவிட்டு "பரவாயில்ல" என்று சொல்லி அனுப்புகிறேன். பரவாயில்லை என்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. எங்கள் வேலையில் மெத்தை உறையும் சேர்ந்து வந்தால் கட்டில் காலி என்று பொருள். இன்றுவரை விரிப்பு மட்டும்தான் வருகிறது.

வெள்ளிக்கிழமையிலிருந்து உதறுவதை நிறுத்திவிட்டேன். நீ சொன்னபடிதான் கவிழ்க்கிறோம். இதுவரை ஒரு கத்தரிகூட வரவில்லை.

அண்ணன்


திங்கள், அக்டோபர் 26

அன்புள்ள அண்ணாவுக்கு,

இன்று காலை உத்தரவு வந்தது. 'சலவைப் பிரிவுப் பணியாளர்கள், ஒப்பந்த ஊழியர் உட்பட, முதல் வரிசையில் சேர்க்கப்படுகின்றனர்.' உங்கள் மனுவின் இரண்டு வரியை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். எங்கள் பகுதியின் ஒன்பது மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும். எழுபது பேருக்கு மேல் ஊசி கிடைக்கும். இதை உங்களால்தான் செய்ய முடிந்தது. சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

வியாழன் வண்டியில் உங்களுக்கு ஆறு டோஸ் வருகிறது. ஆறு என்றுதான் எழுதியிருக்கிறார்கள். நான் திருத்தவில்லை. பிறந்த குழந்தைகளுக்கு ஆறு மாதம் முடியும்வரை இந்த ஊசி போடக் கூடாது. அதனால் குழந்தையைத் தூக்குகிறவர்களுக்குப் போட்டு அதைக் காப்பாற்ற வேண்டும், அவர்களும் முதல் வரிசைதான். உங்களுக்குப் புரியும்.

இன்னொன்று. ஊசி உடம்பில் வேலை செய்ய இரண்டு வாரம் பிடிக்கும். எட்டாம் தேதி நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தாலும் பதினான்காம் தேதி அவள் இருமியிருப்பாள். இதை நான் ஆறுதலுக்காக எழுதவில்லை. உண்மை அதுதான். அந்தக் கையெழுத்தை நினைத்து உங்களை வதைத்துக்கொள்ளாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை உங்களைப் பார்க்க வருகிறேன். பேருந்து இல்லாவிட்டால் வண்டி ஓட்டுநர் கொண்டுவந்து விடுவதாகச் சொல்லியிருக்கிறார். வேண்டாம் என்று எழுதாதீர்கள், அண்ணா. நாம் நேரில் பார்த்து ஏழு மாதம் ஆகிறது.

உங்கள் தங்கை


வியாழன், அக்டோபர் 29

அன்புள்ள தங்கைக்கு,

செவ்வாய் காலை ஒன்பதாம் கட்டிலின் பை வந்தது. மெத்தை உறையும் இருந்தது. நானே எடுத்து, நானே இயந்திரத்தில் கவிழ்த்தேன். 'என்னது' ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்காமல் இருந்தது அன்றைக்குத்தான்.

நீ எழுதிய நாள் கணக்கைப் பார்த்தேன். சரிதான். என் கையெழுத்து அவளைக் காப்பாற்றியிருக்காது. ஆனால் கணக்கை அங்கிருந்து தொடங்கக் கூடாது. நீ கோடு போட்டது செப்டம்பர் இருபத்தொன்று. அவள் இருமியது அக்டோபர் பதினான்கு. நடுவில் இருபத்து மூன்று நாள். அந்த வரி அடிபடாமல் இருந்திருந்தால் உன் இரண்டு வாரம் முடிந்து மிச்சமும் இருந்திருக்கும். உன்னைக் குத்துவதற்காக இதை எழுதவில்லை. நீ என்னை விடுவித்தாய். நான் உன்னை விடுவிக்க முடியாது, என்னையும் விடுவித்துக்கொள்ளப்போவதில்லை. தெரிந்தே உதறினேன். தெரிந்தே கவுண்டரில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அந்த மேலங்கி நான் கொடுத்தது.

நேற்றிலிருந்து எனக்குக் காய்ச்சல். நூற்றிரண்டு. நெஞ்சில் வழக்கமான இழுப்பு இல்லை, வேறு ஏதோ. மாத்திரை வாங்கிவிட்டேன், நீ சொன்ன மாத்திரைதான். இழுப்பு இருக்கிறது என்று கவுண்டரில் கத்திச் சொன்னேன், கொடுத்தார்கள். மூச்சு முட்டினால் வந்து சேர்ந்துவிட வேண்டும் என்றார்கள். வீட்டில் தனியாக இருக்கிறேன். தலை தெளிவாக இருக்கும்போதே செய்ய வேண்டியதை எழுதிவிடுகிறேன்.

ஆறு டோஸில் நாலு என் ஆட்கள் நாலு பேருக்கு. ஐந்தாவது அவள் கணவருக்கு. ஆறாவது அவருடைய அம்மாவுக்கு, குழந்தையை இனி வளர்க்கப்போவது அந்த அம்மாதான். எனக்கு வேண்டாம், காய்ச்சலோடு போடக் கூடாது என்று எனக்கும் தெரியும். பெயர்களைத் தனித்தாளில் முழுசாக எழுதி இணைத்திருக்கிறேன். அவள் பெயரையும் எழுதியிருக்கிறேன். ஊசிக்காக இல்லை, நீ தெரிந்துகொள்வதற்காக.

மேஸ்திரி வேலையை 'என்னது' பார்க்க வேண்டும். பையை அவிழ்க்கக் கூடாது, உதறக் கூடாது. சுடுநீர் குறைந்தால் இயந்திரத்தை நிறுத்திவிட்டு நிற்க வேண்டும், யார் அவசரப்படுத்தினாலும்.

வார்டுச் செவிலியர்கள் கத்தரியையும் ஊசியையும் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பையைக் கட்ட வேண்டும். எழுதுகிறேன் என்று சொன்னாயே, எழுதிவிட்டாயா என்று பார்.

காண்டிராக்டர் அந்த ஒரு வரியை ஒப்பந்தத்திலிருந்து எடுக்க வேண்டும். எடுக்கமாட்டார். உன் மேலதிகாரி எடுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்தவளும் பெரிய மேலங்கி தேடுவாள்.

காய்ச்சல் பிரிவில் அந்தக் கேள்வியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். ஒரு தட்டி போதும், நாலு கம்பும் ஒரு விரிப்பும். விரிப்பை எங்கள் பிரிவு கொடுக்கும்.

அவள் கணவர், குழந்தையைப் பார்க்க வருகிறவர்களை வாசலோடு அனுப்ப வேண்டும். உறவு முறைத்துக்கொண்டால் முறைத்துக்கொள்ளட்டும். குழந்தையைத் தூக்குவதற்கு முன்னால் முழங்கைவரை கழுவ வேண்டும், முகத்தில் கவசம் இருக்க வேண்டும்.

ஓட்டுநர் இந்தக் கடிதத்தை என் வாசல் கம்பியிலிருந்து எடுத்ததும் கையைக் கழுவ வேண்டும். கதவுக்கு வெளியே ஒரு வாளி தண்ணீரும் சோப்பும் வைத்திருக்கிறேன். காலையும் மாலையும் 'என்னது' வந்து ஜன்னலைத் தட்டுவார், நான் உள்ளேயிருந்து ஒரு தட்டுத் தட்டுவேன். தட்டாவிட்டால் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டியது அவர்.

கடைசியாக, ஞாயிற்றுக்கிழமை. ஊசி போட்டவள்தானே என்று வாதாடாதே. போட்டவர்களிலும் இரண்டு பேர் எங்கள் வார்டில் படுத்திருக்கிறார்கள், அவர்கள் துணியும் என்னிடம்தான் வருகிறது. நீ இங்கே வந்துவிட்டு அந்த அலுவலகத்துக்குத் திரும்பிப் போவாய். அங்கிருந்து ஒன்பது மருத்துவமனைக்கு வண்டி கிளம்புகிறது. யார் வந்தாலும் கதவைத் திறப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். மற்ற யாரிடமும் அதை என்னால் காப்பாற்ற முடியும். நீ வாசலில் நின்று அண்ணா என்று ஒரு தடவை கூப்பிட்டால் திறந்துவிடுவேன். ஆகவே வராமல் இருக்க வேண்டியது நீ.

உன் அண்ணன்